‘தை’ என்று தேடினால் ‘கதை’ வருகிறதா? வேர்ட்பிரஸ் தளத்தில் தமிழ்த் தேடலை அமைக்கும் வழி

பினாங்கில் நாங்கள் சிலர் சேர்ந்து பழைய தமிழ்ப்பள்ளி மலர்களையும் கோயில் திருவிழா மலர்களையும் தோட்டப்புறத்தில் வாழ்ந்த பெரியவர்களின் நினைவுகளையும் தட்டச்சிட்டு ஒரு வலைத்தளத்தில் சேர்த்து வருகிறோம். தளம் வேர்ட்பிரஸ் என்ற, வலைத்தளம் நடத்த உதவும் மென்பொருளில் இயங்குகிறது. தொடங்கியபோது பதிவுகள் குறைவு. யாருக்கு எது வேண்டுமானாலும் பட்டியலைப் பார்த்தே எடுத்துவிடலாம். பதிவுகள் சில நூறாகப் பெருகிய பிறகுதான் தேடல் பெட்டியின் அருமை எங்களுக்குத் தெரிந்தது. அதன் குறையும் அப்போதுதான் தெரிந்தது.

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். “தம்பி, தை மாதத்துப் பழைய திருவிழாச் செய்திகளைப் பார்க்கலாம் என்று ‘தை’ எனத் தேடினேன். சிறுகதை, குழந்தை, வார்த்தை என்று என்னென்னவோ வருகிறது. தண்ணீர்மலை முருகன் கோயில் செய்தி ஒன்றுகூடக் கண்ணில் படவில்லையே” என்றார். “மன்னியுங்கள் ஐயா, பார்க்கிறேன்” என்றேன். அன்று தொடங்கிய வேலையில் கற்றுக்கொண்டதை, இதே நிலையில் இருக்கும் பள்ளி, கோயில், சங்கம், வாசகர் வட்டம் ஆகியவற்றின் தளங்களைப் பார்த்துக்கொள்பவர்களுக்காக எழுதுகிறேன். நிரல் எழுதத் தெரியாவிட்டாலும் இதைச் செய்யலாம். பொறுமையும் தமிழ்ச் சொற்களின் மேல் கொஞ்சம் கவனமும் இருந்தால் போதும்.

வேர்ட்பிரஸின் சொந்தத் தேடல் என்ன செய்கிறது?

வேர்ட்பிரஸோடு இயல்பாக வரும் தேடலுக்குச் சொல் என்பதே தெரியாது. நீங்கள் இட்ட எழுத்துத் தொடர், பதிவின் தலைப்பிலோ சுருக்கத்திலோ உள்ளடக்கத்திலோ எங்கேனும் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறது. ‘தை’ என்ற எழுத்து ‘கதை’யின் வாலில் இருந்தாலும் அதற்குப் பொருத்தம்தான். ‘கை’ என்று தேடினால் இலங்கையும் வாழ்க்கையும் நகைச்சுவையும் வரிசையில் நிற்கும். அதே சமயம், பதிவுக்கு நீங்கள் இட்ட குறிச்சொற்களை அது பார்ப்பதில்லை. இரண்டு சொல் தந்தால் இரண்டுமே இருக்கும் பதிவை மட்டும் காட்டும். ஒன்று இல்லாவிட்டாலும் கையை விரித்துவிடும்.

இதற்கு மாற்றாக நாங்கள் பொருத்தியது ரெலவன்சி (Relevanssi) என்ற செருகுநிரல், அதாவது தளத்தில் கூடுதல் வசதி சேர்க்கும் சிறு நிரல். வேர்ட்பிரஸின் செருகுநிரல் பட்டியலிலேயே இலவசப் பதிப்பு கிடைக்கிறது. அது செய்யும் வேலையைப் புரிந்துகொள்ள, பழந்தமிழ் நூல்களின் கடைசிப் பக்கங்களில் இருக்கும் சொல்லடைவை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சொல்லும் எந்தெந்தப் பக்கத்தில் வருகிறது என்று அங்கே அகரவரிசையில் இருக்கும். ரெலவன்சியும் உங்கள் தளம் முழுவதையும் படித்து அப்படியொரு சொல்லடைவைத் தரவுத்தளத்தில் எழுதி வைக்கிறது. யாராவது தேடும்போது பதிவுகளைப் புரட்டாமல் அந்தச் சொல்லடைவைப் பார்த்து விடை சொல்கிறது. தலைப்பில் வந்த சொல்லா, உள்ளே வந்த சொல்லா, எத்தனை முறை வந்தது என்பதையெல்லாம் எடைபோட்டு வரிசைப்படுத்துகிறது.

கை வைப்பதற்கு முன்

தளத்தின் நிர்வாகி உரிமை உங்களிடம் இருக்க வேண்டும். தரவுத்தளத்தின் காப்புப்படி ஒன்றை எடுத்து, தளம் இருக்கும் அதே வழங்கியில் வைக்காமல் உங்கள் கணினியில் வைத்துக்கொள்ளுங்கள்.

இடம் எவ்வளவு இருக்கிறது என்பதையும் பார்த்துவிடுங்கள். சொல்லடைவு சிறியதன்று. பதிவுகள் இருக்கும் அட்டவணையைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு இடம் வரை அது எடுத்துக்கொள்ளக்கூடும். எங்கள் முதல் முயற்சியில் இதைப் பார்க்காமல் தொடங்கிவிட்டேன். வாடகைக்கு எடுத்திருந்த தரவுத்தளத்தின் அளவு பாதியிலேயே நிரம்பித் தளம் சில மணி நேரம் நின்றுபோனது. அதுவும் தைப்பூசத்துக்கு முந்தைய வாரம், வாசகர்கள் அதிகம் வரும் நேரம். ஆகவே திருவிழாவும் தேர்வும் இல்லாத ஓர் இரவைத் தேர்ந்தெடுங்கள்.

முதலில் எழுத்தைச் சுத்தம் செய்யுங்கள்

பலரும் தாண்டிப் போகும் படி இது. என் கருத்தில், செருகுநிரலைப் பொருத்துவதைவிட இதுதான் முதன்மையானது. சொல்லடைவு கட்டுபவர் படிக்கும் எழுத்தே பிழையாக இருந்தால் அடைவும் பிழையாகத்தான் இருக்கும்.

கணினித் தமிழில் மலேசியாவுக்கு நீண்ட பழக்கம் உண்டு. முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருள் இங்கே உருவானதுதான். தமிழ் இணைய மாநாடு 2001-இல் கோலாலம்பூரில் நடந்தது. முன்னதாகவே கணினிக்கு வந்துவிட்டதால் நம் பழைய கோப்புகளில் பல, எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான யூனிகோடு என்ற எழுத்துக் குறியாக்கம் பரவுவதற்கு முந்தைய குறியாக்கங்களில் இருக்கின்றன. அந்த எழுத்துரு இருக்கும் கணினியில் அவை தமிழாகத் தெரியும். உள்ளே இருப்பவையோ வேறு எழுத்துகள். சோதிப்பது எளிது. ஒரு பத்தியை நகலெடுத்து எந்த வடிவமைப்பும் இல்லாத வெற்று உரைக்கோப்பில் ஒட்டுங்கள். தமிழாகவே நின்றால் யூனிகோடு. ஆங்கில எழுத்தும் குறிகளுமாகச் சிதறினால், அதை யூனிகோடு மாற்றி ஒன்றின் வழியே அனுப்பிய பிறகே தளத்தில் ஏற்ற வேண்டும்.

யூனிகோடாக இருந்தாலும் இன்னொரு சிக்கல் ஒளிந்திருக்கலாம். ‘கோ’ என்பதை இரண்டு விதமாக எழுத முடியும்: ககரத்தோடு ஓகாரக் குறியை ஒரே குறியாகச் சேர்ப்பது ஒன்று, இரட்டைக் கொம்பையும் காலையும் தனித்தனியாகச் சேர்ப்பது மற்றொன்று. கண்ணுக்கு இரண்டும் ஒன்று. கணினியின் கணக்கில் இரண்டும் வெவ்வேறு வரிசைகள். பிடிஎஃப் கோப்பிலிருந்து நகலெடுத்த உரையில் இது அடிக்கடி நேரும். சந்தேகம் வந்தால் ‘கோ’வுக்குப் பின்னால் சுட்டியை வைத்து, அழிப்பு விசையை ஒருமுறை மட்டும் அழுத்துங்கள். ‘க’ மட்டும் மிஞ்சினால் நலம். ‘கே’ மிஞ்சினால் அது இரண்டு துண்டு. உரைத்திருத்தியில், கொம்பும் காலும் அடுத்தடுத்து வரும் இடங்களையெல்லாம் ஒற்றைக் குறியாக மாற்றச் சொல்லி ஒரே கட்டளையில் சரிசெய்துவிடலாம். ‘கொ’ வரிசைக்கும் இதே வேலையைச் செய்யுங்கள்.

ஔகாரத்தில் இன்னொரு மயக்கம். ‘கௌ’ என்பதன் கடைசிப் பகுதி ளகரம் போலவே இருப்பதால், ஒற்றைக் கொம்போடு ளகரத்தை இட்டுவிடுகிறார்கள். ‘கௌரி’ என்று தேடினால் அப்படி எழுதிய பதிவு கிடைக்காது. ‘ஸ்ரீ’யிலும் அடியில் இருக்கும் எழுத்து இரண்டு விதமாக அமையக்கூடும். ஜார்ஜ்டவுன் குயின் வீதியில் 1833-இல் கோயிலாக உருப்பெற்ற ஸ்ரீ மகாமாரியம்மன் ஆலயத்தைப் பற்றி எங்களிடம் பல பதிவுகள் உண்டு. ‘ஸ்ரீ’யை முதலில் இட்டுத் தேடியபோது சிலவே வந்ததற்குக் காரணம் இதுதான்.

படமாக வருடிய பக்கங்களில் தேட எழுத்தே இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள். இலவச ரெலவன்சி பிடிஎஃப் கோப்புகளுக்குள்ளும் நுழையாது. பழைய மலரைப் பிடிஎஃப் ஆக ஏற்றினால், உரையைத் தட்டச்சிட்டோ, படத்திலிருந்து எழுத்தைப் படித்துத் தரும் எழுத்துணரி கொண்டு எடுத்துத் திருத்தியோ பதிவின் உள்ளடக்கத்தில் சேர்த்துவிடுங்கள்.

பொருத்துதல்

இது ஐந்து நிமிட வேலை. நிர்வாகப் பக்கத்தின் இடப்புறம் உள்ள ‘பிளகின்ஸ்’ பட்டியலில் புதிய செருகுநிரல் சேர்க்கும் பக்கத்தைத் திறந்து, ரெலவன்சி என்ற பெயரை ஆங்கிலத்தில் இட்டுத் தேடுங்கள். நிறுவும் பொத்தானை அழுத்துங்கள். நிறுவி முடிந்ததும் அதே இடத்தில் தோன்றும் இயக்கும் பொத்தானையும் அழுத்துங்கள். ‘செட்டிங்ஸ்’ பட்டியலில் ரெலவன்சி என்ற புதிய வரி வந்துவிடும். உள்ளே பல தாவல்கள் இருக்கும். சொல்லடைவைக் கட்டும் பொத்தான் ‘இண்டெக்சிங்’ தாவலில் இருக்கிறது. அதை உடனே அழுத்த வேண்டாம்.

சொல்லடைவில் எதைச் சேர்ப்பது?

‘இண்டெக்சிங்’ தாவலில் முதலில் பதிவு வகைகளைக் கேட்கும். பதிவுகள், பக்கங்கள் இரண்டையும் குறியிடுங்கள். தளத்தின் வார்ப்புருவோ வேறு செருகுநிரலோ தனக்காக உண்டாக்கி வைத்திருக்கும் வகைகளை விட்டுவிடுங்கள். வாசகருக்கு அவற்றால் பயனில்லை. அடுத்து வகைப்பாடுகள். பகுப்புகள், குறிச்சொற்கள் இரண்டையும் கட்டாயம் சேருங்கள். ஏன் கட்டாயம் என்பது சற்றுப் பின்னால் விளங்கும். ஆசிரியர் பெயரைச் சேர்ப்பது உங்கள் விருப்பம். எங்கள் தளத்தில் தட்டச்சிட்டவர் பெயரே ஆசிரியர் பெயராகப் பதிவாவதால் சேர்க்கவில்லை.

இப்போது எல்லாவற்றிலும் சிறிய, ஆனால் தமிழுக்கு மிக முக்கியமான ஒரு கட்டம்: குறைந்தபட்சச் சொல் நீளம். இயல்பாக அதில் 3 என்று இருக்கும். அதைவிடக் குறுகிய சொற்கள் அடைவில் ஏறா. ஆங்கிலத்துக்கு அது பொருந்தும். தமிழில் கணினி எண்ணும் விதம் வேறு. ‘தேர்’ என்பது நமக்கு இரண்டெழுத்து. கணினிக்குத் தகரம், ஏகாரக் குறி, ரகரம், புள்ளி என நான்கு. ‘ஊர்’ மூன்று. ஆனால் ‘தை’ இரண்டுதான்: தகரமும் ஐகாரக் குறியும். பூ, தீ, கை, மா எல்லாம் அப்படியே. இயல்பு அமைப்பை அப்படியே விட்டால், ஐயா தேடிய ‘தை’ என்ற சொல் அடைவிலேயே இராது. ஆகவே 3 என்பதை 2 என்று மாற்றுங்கள்.

இதே தாவலின் மேம்பட்ட பகுதியில் நிறுத்தக் குறிகளை என்ன செய்வது என்று கேட்கும். இணைப்புக்கோட்டை இடைவெளியாக மாற்றும் தேர்வையே வைத்துக்கொள்ளுங்கள். நாம் ‘1957-இல்’ என்று எழுதுகிறோம். கோட்டைச் சொல்லோடு ஒட்ட வைத்தால் ஆண்டும் உருபும் ஒரே சொல்லாகிவிடும். இடைவெளியானால் 1957 தனியே அடைவில் நிற்கும். அந்த ஆண்டு ஜனவரி 1 அன்று ஜார்ஜ்டவுன் மாநகரத் தகுதி பெற்றது. ஆகஸ்டு 31 அன்று நாடு விடுதலை பெற்றது. எங்கள் தளத்தில் அதிகம் தேடப்படும் எண்களில் அதுவும் ஒன்று.

மாற்றங்களைச் சேமித்துவிட்டு, இப்போது சொல்லடைவைக் கட்டும் பொத்தானை அழுத்துங்கள். முன்னேற்றப் பட்டை ஓடி முடியும் வரை அந்தப் பக்கத்தை மூட வேண்டாம். எத்தனை பதிவுகள் ஏறின என்று கீழே காட்டும். உங்கள் பதிவு எண்ணிக்கையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இதற்குப் பிறகு நீங்கள் வெளியிடும், திருத்தும் பதிவுகள் தாமாகவே அடைவில் சேர்ந்துகொள்ளும். சொல் நீளம், பதிவு வகை போன்ற அமைப்புகளை மாற்றினால் மட்டும் மீண்டும் ஒருமுறை கட்ட வேண்டும்.

தேடும் விதம்

‘சேர்ச்சிங்’ தாவலில் இரண்டு முடிவுகள் எடுக்க வேண்டும்.

ஒன்று, பல சொற்கள் தந்தால் எல்லாமே இருக்க வேண்டுமா, ஏதேனும் ஒன்று இருந்தால் போதுமா என்பது. ‘ஏதேனும் ஒன்று’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். முடிவுகள் அதிகமாகுமே என்ற கவலை வேண்டாம்; எல்லாச் சொற்களும் இருக்கும் பதிவுகள் எடையில் கூடி மேலே வந்துவிடும். அடுத்துச் சொல்லப்போகும் ஒருபொருட் சொற்களுக்கும் இந்தத் தேர்வு தேவை.

மற்றொன்று, முழுச்சொல் மட்டுமா, பகுதிச் சொல்லுமா என்பது. இங்கே மூன்று தேர்வுகள் இருக்கும். இயல்பாக இருப்பது ‘முழுச்சொல் கிடைக்காவிட்டால் மட்டும் பகுதிச் சொல்’. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. தமிழுக்கு அது பெரும் இழப்பு. ‘தண்ணீர்மலை’ என்ற வடிவம் ஒரே ஒரு பதிவில் இருந்தாலும், முழுச்சொல் கிடைத்துவிட்டது என்று தேடல் அங்கேயே நின்றுவிடும். தண்ணீர்மலைக்கு நடந்தவர்கள், தண்ணீர்மலையில் காவடி எடுத்தவர்கள், தண்ணீர்மலையானைப் பாடியவர்கள் எல்லாரும் வெளியே நிற்பார்கள். ஆகவே எப்போதும் ‘பகுதிச் சொல்’ என்பதையே தேர்ந்தெடுங்கள்.

பகுதிச் சொல் என்றால் சொல்லின் தொடக்கத்திலோ முடிவிலோ பொருந்துவது. நடுவில் வருவதை இது பார்க்காது. ‘பள்ளி’ என்று தேடினால் ‘பள்ளியில்’ வரும், ‘தமிழ்ப்பள்ளி’யும் வரும், ‘தமிழ்ப்பள்ளியில்’ வராது. முடிவிலும் பொருந்துகிறது என்பதால் ‘தை’ தேடுபவருக்குக் ‘கதை’ இன்னமும் வரத்தான் செய்யும். இதைத் தீர்க்கத்தான் குறிச்சொற்களைக் கட்டாயம் சேர்க்கச் சொன்னேன். தைத் திருவிழாப் பதிவுகளுக்கெல்லாம் ‘தை’ என்ற குறிச்சொல்லை இட்டு, முடிந்தவரை தலைப்பிலும் மாதப் பெயர் வரும்படி திருத்தினோம். தலைப்பில் வரும் சொல்லுக்கு ரெலவன்சி இயல்பாக 5 எடை தருகிறது, உள்ளடக்கத்துக்கு 1. திருவிழாச் செய்திகள் மேலே ஏறின. கதைகள் கீழே இறங்கின.

சொல் வளையும் இடங்கள்

இனி வருவதுதான் என் மனத்துக்கு மிகவும் நெருக்கமான பகுதி. தமிழில் சொல் வேற்றுமை ஏற்கும்போது சில நேரம் உருபு வெறுமனே ஒட்டும், சில நேரம் சொல்லே வளையும். மலை, மலைக்கு, மலையில் என்னும்போது ‘மலை’ குலையவில்லை. ஆனால் தோட்டம் என்பது தோட்டத்தில், தோட்டங்கள், தோட்டப்புறம் என்றாகும்போது மகரம் போய்விடுகிறது. காடு காட்டில் ஆகிறது. பினாங்கு பினாங்கில் ஆகிறது.

கோலாலம்பூர் இன்னும் நுட்பமானது. கோலாலம்பூரில் என்னும்போது நமக்கு எதுவும் குறைந்ததாகத் தெரிவதில்லை. கணினிக்கோ ‘ர்’ என்பது ரகரமும் அதன் பின் ஒரு புள்ளியும். ‘ரி’ என்பது ரகரமும் அதன் பின் ஓர் இகரக் குறியும். புள்ளி இருந்த இடத்தில் இகரம் வந்துவிட்டதால், ‘கோலாலம்பூர்’ என்பது ‘கோலாலம்பூரில்’ என்பதன் தொடக்கமாக அமையவில்லை. தமிழ் என்று தேடுபவருக்குத் தமிழில், தமிழுக்கு, தமிழர் எதுவும் கிடைக்காமல் போவதற்கும் இதுவே காரணம். மெய்யில் முடியும் ஒவ்வொரு பெயருக்கும் இந்த இடர் உண்டு: நம் ஊர்ப்பெயர்களில் பல ‘ஊர்’ என்றே முடிகின்றன!

இதற்கு ரெலவன்சியின் ‘சினனிம்ஸ்’ தாவல் உதவுகிறது. ஒருபொருட் சொற்களுக்காக வைத்த இடம் அது. இடப்புறம் தேடும் சொல், நடுவில் சமக்குறி, வலப்புறம் அதோடு சேர்த்துத் தேட வேண்டிய சொல், வரிக்கு ஒன்றாக. வலப்புறத்தில் முழுச்சொல்தான் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. பகுதிச் சொல் தேடல் இயங்குவதால், வளையாத அடிப்பகுதியை மட்டும் கொடுத்தால் போதும்:

தோட்டம் = தோட்ட
கோலாலம்பூர் = கோலாலம்பூர
பினாங்கு = பினாங்க
தைப்பூசம் = தைப்பூச
தமிழ் = தமிழ

‘கோலாலம்பூர’ என்று புள்ளியில்லாமல் நிற்பது கண்ணை உறுத்தும்; வாசகருக்கு அது தெரியப்போவதில்லை. புள்ளியை எடுத்துவிட்டால் மிஞ்சும் ரகரம், எந்தக் குறி ஒட்டினாலும் பொருந்தும்.

குறுகிய சொற்களில் இந்தத் தந்திரத்தைக் கண்மூடிச் செய்ய வேண்டாம். ‘மரம் = மர’ என்று எழுதினால் மரபும் மரணமும் மரியாதையும் வந்து சேரும். அப்படிப்பட்ட சொற்களுக்கு வளைந்த வடிவத்தையே கொடுங்கள்:

மரம் = மரத்த
மரம் = மரங்கள
வீடு = வீட்ட
காடு = காட்ட

கடைசி வரியால் ‘காட்டினார்’ என்ற வினையும் உள்ளே வரும். காடு பற்றிய பதிவுகள் கிடைக்காமல் போவதைவிட அது மேல் என்று விட்டுவிட்டோம். உங்கள் தளத்துக்கு எது பொருந்தும் என்பதை நீங்கள்தான் சொல்ல முடியும்.

அடுத்தது எழுத்துக்கூட்டல் வேறுபாடுகள். மலேசிய ஊர்ப்பெயர்களை நம்மவர்கள் பல விதமாக எழுதியிருக்கிறார்கள்: ஜார்ஜ்டவுன், ஜோர்ஜ்டவுன், பட்டர்வொர்த், பட்டர்வர்த், சுங்கைப்பட்டாணி, சுங்கைப் பட்டாணி. பழைய மலரில் உள்ளதைத் திருத்துவது முறையன்று, அது ஆவணம். தேடலுக்கு மட்டும் இரண்டையும் இணைத்துவிடலாம். சமக்குறி ஒரு திசையில்தான் வேலை செய்யும் என்பதால் இரு திசைக்கும் வரி எழுத வேண்டும்:

ஜார்ஜ்டவுன் = ஜோர்ஜ்டவ
ஜோர்ஜ்டவுன் = ஜார்ஜ்டவ

இங்கே பலருக்கு, குறிப்பாகத் தேசியப் பள்ளியில் படித்தவர்களுக்கு, தமிழில் தட்டச்சிடும் பழக்கம் குறைவு. தைப்பூசம், பினாங்கு போன்ற சொற்களை ரோமன் எழுத்திலேயே இட்டுத் தேடுவார்கள். அவர்களும் நம் வாசகர்களே. இடப்புறம் ரோமன் எழுத்தில் சொல்லையும் வலப்புறம் தமிழையும் கொடுங்கள். முதன்மையான ஊர்கள், விழாக்கள், கோயில்கள் ஆகியவற்றுக்காவது இதைச் செய்துவிட்டால் இளைய தலைமுறைக்கும் கதவு திறக்கும்.

இந்தத் தாவலில் செய்யும் மாற்றத்துக்கு அடைவை மறுபடி கட்ட வேண்டியதில்லை. சேமித்ததும் நடைமுறைக்கு வரும்.

விலக்கும் சொற்கள்

‘ஸ்டாப்வேர்ட்ஸ்’ தாவலில், எல்லாப் பதிவிலும் வந்து எதையும் பிரித்துக் காட்டாத சொற்களை விலக்கலாம். ஒரு, மற்றும், என்று, என்ற, இந்த, அந்த ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஆண்டின் பின்னால் கோட்டை எடுத்ததால் தனித்து நிற்கும் ‘இல்’, ‘ஆம்’ இரண்டையும் சேருங்கள். ஆர்வத்தில் பட்டியலை நீட்ட வேண்டாம். ‘மேல்’, ‘முன்’ போன்றவை இட்டுத் தேடுபவருக்குப் பொருளுள்ள சொற்கள். ஒரு சொல்லை விலக்கியபின் மனம் மாறித் திரும்பச் சேர்த்தால், அடைவை மறுபடி கட்ட வேண்டும்.

முடிவுகள் தோன்றும் விதம்

‘எக்சர்ப்ட்ஸ்’ தாவலில், தேடிய சொல் வரும் பகுதியை எடுத்துக்காட்டும் தேர்வை இயக்குங்கள். பதிவின் முதல் வரிகளைக் காட்டுவதைவிட இது வாசகருக்குப் பெரிதும் உதவும். நீளத்தை எழுத்துக் கணக்கில் வைக்காமல் சொற்கணக்கில் வையுங்கள்; எழுத்துக் கணக்கில் வெட்டினால் உயிர்மெய்யின் நடுவிலேயே வெட்டு விழக்கூடும். தமிழ்ச் சொற்கள் நீளமானவை என்பதால் 20 சொல் போதும்.

தேடிய சொல்லை வண்ணமிட்டுக் காட்டுவதில் ஓர் எச்சரிக்கை. ‘கோலாலம்பூர’ வரை வண்ணமிட்டு, எஞ்சிய ‘ில்’ தனியே பிரிந்து, இகரக் குறி புள்ளிவட்டத்தின் மேல் தொங்குவதைப் பார்த்தால், வண்ணத்தை முழுச்சொல்லுக்கும் விரிக்கும் தேர்வை இயக்குங்கள். அதற்கும் சரியாகாவிட்டால் வண்ணமிடுவதையே நிறுத்திவிடுங்கள். உடைந்த எழுத்தை வாசகர் முன் வைப்பதற்கு மனம் வரவில்லை எனக்கு, நாங்கள் நிறுத்திவிட்டோம்.

தேடல் பெட்டியை வைப்பதற்கு வேர்ட்பிரஸிலேயே தனித் தொகுதி உண்டு. தலைப்பகுதியில், கைப்பேசியில் பார்த்தாலும் முதல் திரையிலேயே தெரியும்படி வையுங்கள். பெட்டிக்குள் ‘ஊர், ஆண்டு, பெயர்…’ என்பது போல ஒரு குறிப்பை இட்டால் என்ன தேடலாம் என்று வாசகருக்குப் புரியும். பக்கம் கட்டும் சில செருகுநிரல்கள் தமக்கென வேறொரு தேடல் பெட்டியைக் கொண்டுவரும். அதைப் பயன்படுத்தினால் ரெலவன்சியைத் தொடாமல் போகலாம். ஆகவே ‘தோட்டம்’ என்று தேடித் ‘தோட்டத்தில்’ உள்ள பதிவு வருகிறதா என்று அந்தப் பெட்டியிலேயே பார்த்து உறுதிசெய்யுங்கள்.

வாசகர் என்ன தேடுகிறார்?

‘லாகிங்’ தாவலில் தேடல்களைப் பதிவுசெய்யும் வசதி இருக்கிறது. இயக்குங்கள். தேடியவரின் இணைய முகவரியைச் சேர்த்துப் பதியும் தேர்வை மட்டும் அணைத்தே வையுங்கள். யார் தேடினார் என்பது நமக்குத் தேவையில்லை. சில மாதங்களுக்கு மேற்பட்ட பதிவுகளைத் தாமாக அழிக்கும்படியும் அமைத்துவிடுங்கள்.

மாதம் ஒருமுறை, நிர்வாகப் பக்கத்தில் வாசகர் தேடல்களின் பட்டியலைத் திறந்து, விடை கிடைக்காமல் போன சொற்களை மட்டும் படியுங்கள். எங்கள் ‘சினனிம்ஸ்’ பட்டியலில் பெரும்பகுதி அங்கிருந்து வந்ததுதான். யாரோ ‘பால்மரம்’ என்று தேடியிருந்தார். எங்கள் மலர்களில் ‘ரப்பர்’ என்று இருந்தது. யாரோ ‘கிராணி’ என்று தேடியிருந்தார், பதிவில் ‘எழுத்தர்’. சென்ற முறை பார்த்தபோது ‘ஆயாக்கொட்டகை’ என்ற சொல் மூன்று முறை விடையில்லாமல் நின்றது. தோட்டத்தில் வளர்ந்தவருக்கே வாயில் வரும் சொல் அது. தட்டச்சிட்ட இளைஞர்கள் அதை எங்கும் ‘குழந்தைகள் காப்பகம்’ என்றே எழுதியிருந்தார்கள். அன்றிரவே ஒரு வரி சேர்த்தோம்:

ஆயாக்கொட்டகை = காப்பக

சேமித்துவிட்டுத் தேடிப் பார்த்தேன். அம்மாமார் இருவரின் நினைவுப் பதிவுகள் முதலில் வந்து நின்றன.